சகலை கொண்டுவந்த சிக்னல்

என் வீட்டுக்காரருக்கு இந்த ஊரில் யாரைப் பார்த்தும் பொறாமை கிடையாது, ஒரே ஒருத்தரைத் தவிர. கப்பல் மாதிரி கார் வைத்திருப்பவரைப் பார்த்தால், பாவம், இதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார் என்று பரிதாபப்படுவார். மாடிக்கு மேல் மாடி கட்டுகிறவரைப் பார்த்தால், எத்தனை கதவு, எத்தனை பூட்டு என்று சந்தோஷப்படுவார். அந்த ஒருத்தர் என் தங்கச்சியின் புருஷன். உறவுமுறையில் இவருக்குச் சகலை. ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இரண்டு பேருக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்கள், சகலை இல்லாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இவர் சாவி செய்கிறவர். பெரிய சாலையில் எங்கள் தெரு வந்து சேரும் முனையில் கடை. உள்ளே ஒருத்தர் உட்கார்ந்தால் இன்னொருத்தர் வெளியேதான் நிற்க வேண்டும். சுவர் முழுக்க இன்னும் பல் வெட்டாத சாவிகள் தொங்கும். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, சாவிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கையைவிட வாய்க்கு வேலை அதிகம். பூட்டைத் திறக்க வந்தவர்கள் பூட்டு திறந்த பிறகும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் வராதது, குப்பை அள்ளாதது, பஸ் நிற்காமல் போனது, எல்லாமே முதலில் அந்தக் கடை வாசலுக்குத்தான் வரும். "சாவிக்காரர் கிட்ட சொல்லியாச்சா?" என்பது எங்கள் தெருவில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அந்த ஒரு பேச்சில்தான் மனுஷன் வயிறு நிறைந்து வாழ்ந்துகொண்டிருந்தார்.

நான் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். ஆறிய ரொட்டியை அடுக்கிலிருந்து இறக்கி, வெட்டும் மெஷினில் விட்டு, உறையில் போட்டுக் கட்ட வேண்டும். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. நின்று நின்று வலது முழங்கால் போய்விட்டது. தரையில் நடக்கும், படி ஏறாது. படியைப் பார்த்தாலே அது முரண்டு பிடிக்கும். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் பேக்கரியின் புகைபோக்கி தெரியும். நடுவில் இந்தச் சாலைதான். சாலை நடுவே போகும் சுவரில் எங்கள் தெருவுக்கு நேராக ஓர் இடைவெளி இருந்தது. யார் விட்டார்களோ, யார் இடித்தார்களோ, தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போகிறவர்கள், பஸ் பிடிக்கிறவர்கள், நான், எல்லோரும் அதன் வழியாகத்தான் கடந்தோம். வண்டிகளுக்குக் கையைக் காட்டி, கெஞ்சி, திட்டி, எப்படியோ போய்ச் சேர்ந்தோம்.

அப்போதுதான் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. இடைவெளியை அடைத்து நெடுக இரும்பு வேலி போடுவார்களாம். கடப்பதற்குச் சற்றுத் தள்ளி ஒரு நடைமேம்பாலம் கட்டுவார்களாம். படத்தில் பார்த்தேன். அதில் பாலத்தைவிடப் படிதான் அதிகம். ஏற முடியாதவர்கள் அடுத்த சந்திப்புவரை நடந்து, அங்கே கடந்து, அந்தப் பக்கமாக மறுபடி அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும். என் காலுக்கு அது அரை நாள் பயணம். பேக்கரி முதலாளியம்மா நல்லவர்தான், ஆனாலும் ரொட்டி என் காலுக்காகக் காத்திருக்காது. வேலி வந்துவிட்டால் நீ எப்படி வருவாய் என்று அவர் கேட்டார். கேட்ட விதத்திலேயே, அந்தப் பக்கத்து ஆளாக யாராவது கிடைப்பார்களா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார் என்பது புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நீ ஒரு படியும் ஏற வேண்டாம். அவங்க இறங்கி வருவாங்க" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தைகளில் அது ஒன்று. மற்றவை என்னவென்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படிப் பிறந்ததுதான் சாலை கடப்போர் சங்கம். தலைவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பாலம் வேண்டாம், தரையிலேயே கோடு போட்டு, பொத்தானை அழுத்தினால் வண்டிகளை நிறுத்துகிற சிக்னல் வேண்டும் என்பது கோரிக்கை. இவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். மனு கொடுத்தார். கைக்கு அடக்கமாக ஓர் ஒலிபெருக்கி வாங்கினார், அதை வீட்டுக்குள்ளும் இரண்டு முறை சோதித்துப் பார்த்தார். சாலைத் துறை அலுவலகத்தில் ஒவ்வொரு தடவையும் உட்கார வைத்து, பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதையே ஒரு வெற்றி மாதிரி வந்து சொல்வார். உட்கார நாற்காலி கொடுத்தார்களாம்.

இந்த நேரத்தில்தான் சகலை மூக்கை நுழைத்தார். இவர் சொல்வது அப்படி. நடந்தது என்னவென்றால், ஒரு விடுமுறை நாளில் தங்கச்சியும் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், கடை வாசலில் சங்கத்துக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது, அவரும் போய் ஓர் ஓரமாக நின்றார். அவர் கட்டுமான அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுகிறவர். பேச்சு மெதுவாக வரும். எதிரே இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும், அதனாலேயே எல்லோரும் கேட்பார்கள். சாலைத் துறைக்கு நாம் எவ்வளவு சத்தம் போட்டோம் என்பது கணக்கே இல்லை, ஓர் இடத்தில் நாளொன்றுக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பதுதான் கணக்கு, போதுமான ஆட்கள் கடந்தால் அங்கே சிக்னல் வைத்தே ஆக வேண்டும் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, யார் எங்கிருந்து எங்கே நடக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுக் கோடு போட்டார். கூட்டம் முழுக்க அந்தத் தாளின் மேல் கவிழ்ந்துவிட்டது. ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தபடி இவர் தனியாக நின்றார்.

அன்றிலிருந்து இவர் வயிற்றில் அடுப்பு அணையவே இல்லை. கடைக்கு வருகிறவர்கள் "உங்க சகலை என்ன சொல்றாரு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் சாவிக்குப் பல் வெட்டும் மெஷினை ஒரு தரம் சும்மாவே ஓட்டுவார்.

"அவன் வீடு அந்தப் பக்கம், ஆபீஸ் அந்தப் பக்கம், கடைகண்ணி எல்லாம் அந்தப் பக்கம். ரோட்டைக் கடக்காத மனுஷன் ரோட்டைப் பத்தி எனக்குச் சொல்லித் தரான்" என்று என்னிடம் பொருமுவார்.

அதில் ஞாயம் இருந்தது. இருந்தாலும் சகலையால் வேலை நடக்கும் போலவும் இருந்தது. எனக்கு இரண்டும் தெரிந்ததுதான் என் கஷ்டம். என்னை மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கச்சியைப் பார்த்தால் எனக்கும் எரியும். சின்ன வயதிலிருந்தே முதல் துண்டு அவளுக்கு, ஜன்னலோரம் அவளுக்கு. இப்போது லிஃப்ட் வைத்த வீட்டில் இருந்துகொண்டு, "கால் எப்படிக்கா இருக்கு?" என்று அவள் கேட்கும்போது, அவள் உண்மையான அக்கறையோடுதான் கேட்கிறாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாது. அந்த வீட்டுக்கு மட்டும் எல்லாம் தானாக வந்து சேர்கிறது, கடைசியில் என் சாலையும் அவர்கள் கையால்தான் எனக்குக் கிடைக்க வேண்டுமா என்று நானும் நினைத்திருக்கிறேன்.

சகலை அலுவலகம் அலுவலகமாக ஏறி, நடப்பவர்களை எண்ணுவதற்குத் துறையைச் சம்மதிக்க வைத்துவிட்டார். தேதியும் வாங்கிவிட்டார். ஆனால் அதைச் சங்கத்தில் சொல்லக் கூடாது என்று நிபந்தனை. முன்கூட்டியே தெரிந்தால் ஆள் சேர்த்துக் கடக்க விட்டுவிடுவார்கள் என்று துறைக்குப் பயம். தங்கச்சி மட்டும் மனசு கேட்காமல் என்னிடம் சொன்னாள். அத்தானிடம் மட்டும் சொல்லு, வேறு யாரிடமும் மூச்சு விடாதே என்றாள்.

சொன்னேன். இவர் ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. தேய்க்கும் சத்தம் மட்டும் கூடியது. காதில் விழுந்ததா என்று கேட்டேன். விழுந்தது என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சில நாளில் தெருவில் ஒரே பரபரப்பு. நகரத்தின் அடுத்த கோடியில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு முன்னால் பெரிய ஆர்ப்பாட்டம் என்று இவர் அறிவித்தார். கடைகளை அடைத்து, வேன் பிடித்து, தெரு மொத்தமும் வர வேண்டும் என்றார். தேதியைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே நாள். ஏன் இந்த நாளைப் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஊர் அவன் பேரைச் சொல்லக் கூடாது, என் பேரைச் சொல்லணும். அவன் பாட்டுக்கு எண்ணட்டும், நான் பாட்டுக்குக் கத்துறேன். ரெண்டும் ரோட்டுக்குத்தானே" என்றார்.

நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. இரண்டும் நல்லதுதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆர்ப்பாட்டத்தைச் சகலை காதில் போடக் கூடாது என்று சங்கத்துக்கு இவர் கட்டளை. எண்ணப்போவதைச் சங்கத்திடம் சொல்லக் கூடாது என்று சகலைக்குக் கட்டளை. ஆளுக்கு ஒரு ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் சாலைக்கு இரண்டு பக்கம் இருந்தார்கள்.

அன்று காலையில் எங்கள் தெருவே காலியாகிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் கையில் அட்டை கொடுத்து வேனில் ஏற்றியிருந்தார்கள். மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிறவர்கள் விடுப்பு எடுத்திருந்தார்கள். பேக்கரியில் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை, அதனால் நான் மட்டும் சாலைக்கு வந்தேன். இடைவெளிக்குப் பக்கத்தில் குடைபோட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஓர் இளம்பெண்ணும் ஒரு வயதானவரும். இருவர் கையிலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் எண்ணும் கருவி. பெரியவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நான் அவர்களைத் தாண்டிச் சாலையில் இறங்கினேன். அந்தப் பெண்ணின் கையில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

அது நான்தான். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமே இல்லை. அப்போதுதான் உறைத்தது. இங்கே கடக்கிறவர்களும் அங்கே கோஷம் போடுகிறவர்களும் ஒரே ஆட்கள். ஒரே கூட்டத்தை இவர் அங்கே கத்துவதற்குக் கூட்டிப்போய்விட்டால் இங்கே கடப்பதற்கு யார் இருப்பார்கள்? இந்தப் புத்தி எனக்கும் முன்பே வந்திருக்கலாம்.

வந்த வழியே திரும்பி நடந்து அந்தப் பெண்ணிடம் போனேன். இன்றைக்கு எல்லோரும் சிக்னல் கேட்டுப் போராட்டத்துக்குப் போயிருக்கிறார்கள், மற்ற நாளில் இங்கே கால் வைக்க இடமிருக்காது என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா கடக்கிறவங்களைத்தான் எண்ணச் சொல்லியிருக்காங்க. வராதவங்களை எப்படி எண்ணுறது?" என்றாள்.

நல்ல பெண். திரும்பி வந்ததற்கும் மறுபடி போனதற்கும் சேர்த்து எனக்கு இன்னும் இரண்டு "டிக்" போட்டாள்.

மறுநாள் பேப்பரில் இவர் படம் வந்தது. வாய் திறந்தபடி ஒலிபெருக்கியோடு நடுவில் இவர், பின்னால் எங்கள் தெரு மொத்தமும். அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். நான் குடையையும் கொட்டாவியையும் பற்றிச் சொன்னேன். முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் படத்தைக் கழற்றவில்லை. சில நாட்களில் சாலையின் இரண்டு கோடியிலிருந்தும் வேலி போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு நாளும் அது எங்கள் இடைவெளியை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது. பேக்கரியில் அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலை பழக வந்தாள். ரொட்டி கட்டும் விதத்தை நானே அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. சுறுசுறுப்பான பெண். ரொட்டி அடுக்குகளுக்கு நடுவே குதித்துக் குதித்து நடப்பாள். அந்த முழங்கால்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்ட அளவுக்கு இவர் சகலையைப் பார்த்துக்கூடப் பட்டிருக்க மாட்டார்.

இடைவெளியை அடைப்பதற்கு முன்பாக மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் ஒன்று மிச்சம் இருந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. துறையின் இன்ஜினியரம்மா திரையில் எண்ணிக்கையைக் காட்டினார். இந்த இடத்தில் கடக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், சிக்னலுக்கு அவசியம் தெரியவில்லை என்றார். மண்டபத்தில் எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்படி ஒரு எண்ணிக்கை நடந்ததே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும். எண்ணிய தேதியைக் கேட்டதும் ஒவ்வொரு தலையாக இவர் பக்கம் திரும்பியது. இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சகலை எழுந்தார். அந்தப் பேப்பர் படத்தை நீட்டி, வழக்கமாகக் கடக்கிறவர்கள் அன்று இந்த ஆர்ப்பாட்டத்தில் இருந்தார்கள், அதனால் மறுபடி எண்ண வேண்டும் என்று தன் மெல்லிய குரலில் கேட்டார். இன்ஜினியரம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். ஒரே நாளில் இரண்டும் எப்படி வந்தது என்று கேட்டார்.

"தற்செயலா நடந்துடுச்சு மேடம். அண்ணனுக்குத் தேதி தெரியாது" என்றார் சகலை.

பூசி மெழுகினார். இவருக்குத் தெரியும் என்பது தங்கச்சி சொல்லி அவருக்கும் தெரியும். தங்கச்சி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்போது இவர் முகத்தைப் பார்த்தேன். எள்ளும் கொள்ளும் வெடித்தது. அத்தனை பேர் முன்னால் சகலை போட்ட பிச்சையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதைவிட இவரை வெட்டிப் போட்டுவிடலாம்.

இன்ஜினியரம்மாவோ, தற்செயல் என்றால் அடுத்த தடவையும் ஏதாவது தற்செயல் வரும், மழை வரும், விடுமுறை வரும், அதற்கெல்லாம் திரும்பத் திரும்ப எண்ண முடியாது என்று சொல்லிக் கோப்பை மூடப் போனார்.

இவர் எழுந்து நின்றார். ஒலிபெருக்கி இல்லை. இருந்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்டது.

"தற்செயல் இல்லம்மா. எனக்கு முன்னாடியே தெரியும். என் சம்சாரம் சொன்னா. இவருக்குப் பேரு வந்துடக் கூடாதுன்னுதான் அதே நாளைப் பிடிச்சு எல்லாரையும் நான் கூட்டிட்டுப் போனேன். கடக்கிறதுக்கு ஆளில்லாம பண்ணது நான்."

இவர் உட்காரவில்லை.

"இவரு எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். சொன்னா அந்தப் பேரும் இவருக்கே போகும்" என்று முடித்தார்.

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் இதுவரை பார்த்ததிலேயே பெரிய பொறாமை அதுதான். ஆனால் ஒரு மனுஷனை அத்தனை பேர் முன்னால் உண்மை பேச வைத்ததும் அதுதான். எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது, வீட்டுக்குப் போனதும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் இருந்தது.

இன்ஜினியரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். தற்செயலுக்குத்தான் விதியில் இடமில்லை. ஒருத்தர் வேண்டுமென்றே கெடுத்த எண்ணிக்கை செல்லாது. மறுபடி எண்ணலாம், ஆனால் இந்தத் தடவை தேதி உங்கள் இரண்டு பேருக்குமே தெரியப்போவதில்லை என்றார். சகலைக்கு முகம் சுருங்கியது. இவருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

எந்த நாளில் எண்ணினார்களோ, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. குடையைக்கூட வேறெங்கோ மறைத்துப் போட்டிருக்கிறார்கள். வேலி எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றது, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பாலத்துக்குப் பள்ளம் தோண்டியவர்கள் அதை மூடிவிட்டுப் போனார்கள். பிறகு கம்பம் நட்டார்கள், கோடு போட்டார்கள். நடைபாதையின் விளிம்பைச் சரித்துத் தரையோடு தரையாக்கினார்கள். இடுப்பளவு உயரத்தில் ஒரு பொத்தான் வந்தது.

திறப்பு விழா காலையில். பொத்தானைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தார்கள். தங்கச்சி புது உடுப்பில் வந்திருந்தாள். வார்டு உறுப்பினர் வந்து சேரவில்லை. முதலில் யார் பொத்தானை அழுத்துவது என்பதில் பிரச்சினை. சிக்னல் கொண்டுவந்தவர் அழுத்தட்டும் என்று பாதிப் பேர் சகலையைத் தள்ளினார்கள். சங்கம் ஆரம்பித்தவர் அழுத்தட்டும் என்று மீதிப் பேர் இவரைத் தள்ளினார்கள். "நீங்க அழுத்துங்கண்ணே" என்றார் சகலை. "நீங்களே அழுத்துங்க" என்றார் இவர். இரண்டு பேர் பல்லும் வெளியே தெரிந்தது. இரண்டு பேரும் கம்பத்தைவிட்டு ஓர் அடியும் நகரவில்லை. வார்டு உறுப்பினர் வரட்டும், அவர் முடிவு செய்யட்டும் என்றார் ஒருத்தர். எல்லோரும் காத்திருந்தார்கள்.

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டி இந்நேரம் ஆறியிருக்கும். குதித்து நடக்கிற அந்தப் பெண் இந்நேரம் அதில் கை வைத்திருப்பாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். நான் வாழ்த்துச் சொல்ல வருகிறேன் என்று நினைத்து இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ரிப்பனுக்குக் கீழே கையை விட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

வண்டிகள் நின்றன. லாரி, பஸ், கப்பல் மாதிரி கார், எல்லாமே நின்றன. யாருக்கும் கையைக் காட்டாமல், யாரையும் கெஞ்சாமல், என் காலின் வேகத்துக்கு நடந்தேன். ஒரு படிகூட இல்லை. பின்னால் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது, ஆனால் விளக்கு மாறிவிடுமோ என்று பயம்.

பேக்கரியில் நுழைந்ததும் முதலாளியம்மா, என்ன அங்கே கைதட்டல், சிக்னலை யார் திறந்து வைத்தது என்று கேட்டார்.

"நான்தான்" என்று சொல்லிக் கையைக் கழுவினேன்.

அன்றிலிருந்து சாவிக்காரரும் சகலையும் ஒற்றுமையாகிவிட்டார்கள். விடுமுறை நாளில் கடை வாசலில் சேர்ந்தே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இப்போது பொறாமை என் மேல்தான்.